கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல்

வீடு முடிந்தது. சுற்றிவரக் கல், செம்மண்,
மேசன்மார் விட்டுப்போன சீமெந்துக் கட்டி.
உவர்மலை. பேரிலேயே உவர்.
கட்டாரிலிருந்து மனுசன் சொல்கிறார்:
"வாசலுக்கு ரெண்டு பக்கமும் பாம் மரம்,
மதிலோரம் ஒரே உயரத்தில் பச்சை.
ஹோட்டல் மாதிரி இருக்கவேணும், தயாநிதி."

முதலில் கண்டி வீதியில் ஒரு நர்சரி.
பச்சை வலைக்குக் கீழே எல்லாம் குளிர்ந்து நின்றன.
மலைநாட்டிலிருந்து வெள்ளிக்கிழமை லொறியில் வந்தவையாம்.
இலைகளுக்கு எண்ணெய் தடவியிருந்தது.
பெடியன் நல்ல பெடியன்.
வெயிலுக்கு நிற்குமா? நிற்கும் அக்கா.
உப்புக்கு? நிற்கும் அக்கா.
ஒன்பது கன்று, பன்னீராயிரத்து எழுநூறு.
கச்சான் காற்று மூன்று பின்னேரத்தில் ஏழைக் கருக்கியது.
மிச்ச இரண்டையும்
படலை திறந்து கிடந்த இரவில் மான் தின்றது.

மதில் கட்டிய மேசன்தான் சொன்னான்,
கிண்ணியாப் பாலம் தாண்டி, பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கை.
பெயர்ப்பலகை இல்லை. வலையும் இல்லை.
பால்மா டின்னிலும் வெட்டிய எண்ணெய்க் கானிலும்
கன்றுகள் வெயிலில் நின்றன, எல்லாம் முழங்காலுக்குக் கீழே.
நிஹாரா என்ற பெண். கையில் மண்.
"புங்கை காட்டுங்கோ" என்றேன்.
"கிணத்துத் தண்ணி கொண்டு வந்தீங்களா?" என்றா.

வெறுங்கையோடு பாலம் கடந்து வந்தேன்.

அடுத்த ஓய்வு நாளில் நெக்டோப் போத்தலில் கொண்டு போனேன்.
வெளிச்சத்தில் பிடித்தா,
ஒரு மிடறு வாயில் உருட்டினா, வேலியடியில் துப்பினா.
"பூவரசுக்குக் காணும். ரோசாவுக்குக் காணாது."
பிறகு கேட்டா:
காத்து எந்தப் பக்கத்தால வருது?
மண்ணுக்குள்ள எத்தின லோட் கல்லு?
மான் வாறதா?
நீங்க டியூட்டிக்குப் போனா தண்ணி ஊத்த ஆர்?

பத்தொன்பது வருசம் வார்ட்டில்
புது நோயாளி வந்தால் நான் கேட்கிற வரிசை அது.
அன்றைக்குத்தான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன்.

ஓரத்தில் ஒரு புங்கை மட்டும் என் உயரம்.
"அதைத் தாங்கோவன்."
அவ பையைக் கிழித்தா.
வேர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி
சேலைன் குழாய் சிக்கினது மாதிரி.
"வளர்ந்தது சரி. இதுக்கு வீடு மாறத் தெரியாது."
விற்கவில்லை. கிழித்த பையோடு
நிழலில் சாய்த்து வைத்தா.

இரண்டு பூவரசு, ஒரு புன்னை, இரண்டு சின்னப் புங்கை.
மதிலோரம் ஆறு நந்தியாவட்டை:
"பாலுள்ளத மான் மணந்து பாத்திட்டுப் போயிடும், பாப்பம்."
பாப்பம். அந்தச் சொல்லுக்காகவே
காசை எண்ணத் தொடங்கினேன்.
கையை மறித்தா.
"இப்ப இல்ல. கச்சான் நிக்கட்டும்.
ஒக்டோபர் மழ ரெண்டு விழட்டும்.
குழிய மட்டும் இப்பவே வெட்டிப்போடுங்க, மண் ஆறட்டும்."
பதினொரு டின்னிலும் கறுப்பு மார்க்கரால்
என் பெயரை எழுதினா, பிழையாக:
தையாநிதி.

வெட்டியாயிற்று. இரண்டடிக்கு இரண்டடி, பதினொன்று.
பக்கத்து வீட்டு மரியநாயகம் மதிலால் எட்டிப் பார்த்து
"என்ன, பங்கரோ?" என்றார்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
பிறகு அவர் தன் பூட்டைச் சரிபார்க்கப் போனார்.
வீடியோவில் மனுசன் கேட்டார், "இதுவா கார்டின்?"
"ஓம்" என்றேன்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்தேன்.
ஒரு மான் குழியைக் குனிந்து பார்த்து
ஒன்றுமில்லை என்று படலைப் பக்கம் திரும்பியது.
கைபேசி அடித்தது, நிஹாரா:
"ராவு காத்து மாறினதா உங்கட பக்கம்?"
பொறுங்கோ என்று வெளியே போய்
முகத்தைக் காட்டி நின்றேன்.
உதடு காய்ந்தது.
இன்னும் கச்சான்தான்.